புளித்த மண்

ஜனவரி 8

அன்புள்ள ஆபீசருக்கு,

இங்கே நானும் சக்கரமும் சூளையும் சௌக்கியம். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா, போனதும் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று எழுதுங்கள். போனில் சொல்ல வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் நகராட்சி சுகாதார ஆய்வாளர் ஆகிவிடுகிறீர்கள், நான் புகார் கொடுக்க வந்தவள் ஆகிவிடுகிறேன். கடிதத்தில்தான் நமக்குப் புருஷன் பெண்டாட்டியாகப் பேச வருகிறது.

நான்கு நாள் லீவில் வந்த மனிதர் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். நான் கடைக்காரம்மாவைப் பார்க்கப் போன அந்த ஒரு பகலில் வீட்டின் பின்பக்கம் முழுவதையும் கழுவித் தள்ளிவிட்டீர்கள். சாக்கடை பளபளக்கிறது. விறகை உயரவாரியாக அடுக்கியிருக்கிறீர்கள். உடைந்த சட்டிகள் எல்லாம் மூலையில் ஒரே வரிசையில், ஏதோ தப்புச் செய்து நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. நன்றி. ஆனால் என் மண் வழிக்கும் கத்தியை எங்கே வைத்தீர்கள்? மூன்று நாளாகத் தேடுகிறேன்.

ஒரு வேடிக்கை. மண் தொட்டி இந்தத் தடவை நாறவே இல்லை! நீங்கள் எப்போது வந்தாலும் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "இது மண்ணா, இல்ல எதையாவது புதைச்சு வச்சிருக்கியா?" என்று கேட்பீர்களே, அந்த நாற்றம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. உங்களைக் கண்டு பயந்துவிட்டது போலிருக்கிறது. அல்லது குளிரினால் இருக்கலாம். நூறு தடவை சொல்லியாயிற்று, அது அழுகின நாற்றம் இல்லை, புளித்த நாற்றம். புளித்தால்தான் மண் இழுத்த இழுப்புக்கு வரும். முதல் வருஷம் ஊறவைத்த மண்ணில் கடைசி இரண்டு கூடையை விட்டுவைத்து, அதன்மேல் புது மண்ணைக் கொட்டி, அதிலும் கடைசி இரண்டு கூடையை விட்டு, இப்படியே ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன். தயிருக்கு உறை ஊற்றுகிற கணக்குத்தான். தொட்டியின் அடியில் இருப்பது என் முதல் வருஷத்து மண்.

கடைக்காரம்மா சம்மதித்துவிட்டார். ரயிலடிப் பக்கம் திறக்கப்போகிற அவருடைய சாப்பாட்டுக் கடைக்கு நூற்றிருபது தட்டு, நூற்றிருபது கிண்ணம். எல்லாம் என் கையால். பிப்ரவரியில் கொடுத்துவிட வேண்டும்.

நம் பேச்சு நினைவிருக்கிறதல்லவா? நீங்கள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்பதற்காக எழுதிவைக்கிறேன். இந்த வேலையைக் குறையில்லாமல் முடித்துக் கொடுத்தால், "சூளையை மூடிட்டு என்கூட வந்துடு" என்ற பேச்சை நீங்கள் வாழ்நாளில் எடுக்கக் கூடாது. கோட்டைவிட்டால் நான் வாயைத் திறக்காமல் சூளையை இடித்துவிட்டு உங்கள் இரண்டாம் மாடிக்கு வந்துவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் கையடித்துக் கொடுத்திருக்கிறோம். தண்ணீர் டம்ளர் சாட்சி.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கீழே இறங்கிப் போகச் சோம்பல்பட்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாயாடி


ஜனவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. ரயிலில் இடம் கிடைத்தது. மேற்படி கத்தி சமையலறையில் கரண்டிகளோடு இருக்கிறது. கத்தி என்றால் சமையலறையில் இருக்க வேண்டும் என்று நினைத்தது என் தவறு. மன்னிக்கவும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. காலையில் சந்தை, அப்புறம் இரண்டு ஓட்டல் அடுப்படி, மத்தியானம் அறிக்கை. நேற்று ஒரு ஓட்டலில் பெருக்கிய குப்பையை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். முதலாளி, "சார், நீங்க மட்டும்தான் சார் குனியறீங்க" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

குவார்ட்டர்ஸ் நன்றாக இருக்கிறது. இரண்டு அறை. சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுகிறது. கீழ்வீட்டு அம்மா, "சார், வீட்ல எப்ப வருவாங்க?" என்று வாரம் ஒருமுறை கேட்கிறார். "வருவாங்க, வருவாங்க" என்று ஒன்றரை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் இப்போதெல்லாம் நான் பொய் சொல்கிறேனோ என்று பார்க்கிறார்.

பேச்சு பேச்சுதான். நான் மாற மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கைவேலைதான் வேண்டும் என்றால் இங்கே எத்தனையோ இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஓவிய வகுப்பு நடக்கிறது. சுத்தமான வேலை. தூசி கிடையாது, புகை கிடையாது, நகக்கண்ணில் மண் கிடையாது. மேஜையில் உட்கார்ந்து வரையலாம். நமக்கு நாமிருவர்தான். பிள்ளை குட்டி என்று வேறு யார் இருக்கிறார்கள்? ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து கிழமாகிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருமல் இருக்கிறதா? தூசியில் வேலை செய்யும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்.

அன்புடன்,
உன் ஆபீசர்


பிப்ரவரி 10

அன்புள்ள ஆபீசருக்கு,

ஓவிய வகுப்பு! அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உங்களோடு மனதுக்குள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் வேலை நெருக்கியதால் நிறுத்திவிட்டேன். அதனால்தான் பதில் இத்தனை தாமதம்.

நான் பதினான்கு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு செய்தவள். சுத்தமான வேலைதான். அடுத்தவன் சொன்னதை அடுத்தவனுக்காக அடித்தேன். எத்தனை பக்கம் அடித்திருப்பேன், அதில் ஒரு வரி எனக்கு நினைவில்லை. முப்பத்தேழு வயதில், கைவினைக் கண்காட்சியில் ஒருத்தி, "அக்கா, நீங்களும் கை வச்சுப் பாருங்க" என்று சக்கரத்தின் முன் உட்காரவைத்தாள். நீங்களும் கூட இருந்தீர்கள், கையில் என் பையை வைத்துக்கொண்டு. மண் என் உள்ளங்கையை முட்டியது. முட்டித் தள்ளியது. அதுவரை எதுவும் என்னை எதிர்த்து முட்டியதில்லை, உங்களைத் தவிர. நான் அழுத்தினால் அது பணிகிறது, கொஞ்சம் அசந்தால் கையை உதறிக்கொண்டு ஓடப் பார்க்கிறது. ஒரு கோணல் கிண்ணம் வந்தது. வீடு வரும்வரை நான் பேசவே இல்லை, உடம்பு சரியில்லையோ என்று நீங்கள் பயந்துபோனீர்கள். இன்றைக்கும் சக்கரத்தில் மண் நடுவுக்கு வந்து நிற்கிற அந்த நொடியில் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். பத்து வருஷமாகியும் சலிக்கவில்லை. அதை விட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்து பூ வரையச் சொல்கிறீர்கள்.

சரி, திட்டியாயிற்று. இனி செய்தி.

மண் இந்தத் தடவை கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. வழக்கமான நெகிழ்வு இல்லை. நாலு மிதி கூடுதலாக மிதித்தேன், பிசைந்தேன், தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டன. நடுவில் ஓரிரண்டு வெள்ளைத் துணுக்கு அகப்பட்டது. கொட்டகைக் கூரைக்குக் கீழே சுவர் உதிர்கிறதல்லவா, அந்தப் பூச்சு என்று நினைத்து நகத்தால் எடுத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்தேன் பாருங்கள், இருபது நாள். காலையில் தட்டு, மத்தியானம் கிண்ணம். நான் ஒரே சூட்டில் சுடுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ந்த மண்ணில் நேரே மெருகைப் பூசிச் சூளையில் அடுக்கிவிடுவேன். இரண்டாம் வாய்ப்பு கிடையாது. விடியலில் பற்றவைத்தது, சாயங்காலம் வரை விறகு தள்ளினேன். இரண்டு நாள் ஆறவிட்டு நேற்று வாயைத் திறந்தேன்.

ஆபீசரே, ஒன்று கூடக் கோணவில்லை! மழைமேக நிறத்தில், விளிம்பில் மட்டும் லேசாகச் செம்பு பாய்ந்து, இருநூற்று நாற்பதும் அப்படியே பளபளவென்று இருக்கின்றன. கடைக்காரம்மா ஒரு தட்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல போட்டா நான் சமைச்சது கூட நல்லா இருக்கும்போல" என்றார். இன்று காலை வண்டி வைத்து எடுத்துப் போய்விட்டார்கள்.

நான் வென்றுவிட்டேன். தண்ணீர் டம்ளரிடம் சொல்லிவிட்டேன். நீங்களும் ஒரு வரி எழுதி ஒப்புக்கொள்ளுங்கள், சட்டம் போட்டு மாட்டிவைக்கிறேன்.

அன்புடன்,
ஜெயித்தவள்


பிப்ரவரி 16

அன்புள்ள வாயாடிக்கு,

ஒப்புக்கொள்கிறேன். நீ ஜெயித்தாய்.

சந்தோஷம்தான், சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய். உன் கையெழுத்தே இந்தக் கடிதத்தில் குதிக்கிறது. ஆனால் முழுச் சந்தோஷம் என்று சொன்னால் அதுவும் பொய். கீழ்வீட்டு அம்மாவிடம் இன்று, "அவங்களுக்கு அங்க வேலை இருக்குங்க, வர மாட்டாங்க" என்று முதல் முறையாக உண்மையைச் சொன்னேன். அவர் அதையும் நம்பவில்லை.

ஒரு தட்டு எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறாயா? இங்கே நான் சாப்பிடுவது எவர்சில்வர் தட்டு.

அன்புடன்,
தோற்ற ஆபீசர்


பிப்ரவரி 22

அன்புள்ள உங்களுக்கு,

கேலி பேசத் தெம்பில்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கென்று கணக்குக்கு மேல் ஒன்று செய்து எடுத்துவைத்த தட்டு அலமாரியில் இருந்தது. பதினேழாம் தேதி மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், டப் என்று ஒரு சத்தம். பொரி வெடித்தது போல. எழுந்து பார்த்தால் தட்டின் நடுவில் காசு அகலத்துக்குச் சில்லு தெறித்துப் பள்ளமாகக் கிடக்கிறது. பள்ளத்தின் அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. யாரும் தொடவில்லை, காற்று கூட அடிக்கவில்லை.

மறுநாள் கடைக்காரம்மா ஆள் அனுப்பினார். கடை திறந்து ஆறு நாள். தட்டுகள் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன, அடுக்கில் இருக்கும்போதே, சாப்பாடு போட்டிருக்கும்போதே. ஒருவர் வாயில் சில்லு போய் ஈறு கிழிந்துவிட்டது. கடைக்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "உங்க கையை நம்பிட்டேன் நான்" என்று மட்டும் சொன்னார். கூடை கூடையாகத் திரும்பி வந்துவிட்டது. இப்போதும் பின்பக்கத்தில் இருந்து டப், டப் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

அது சுண்ணாம்பு. எந்தச் சந்தேகமும் இல்லை. மண்ணோடு சுண்ணாம்புத் துணுக்கு சேர்ந்து சூளைக்குள் போனால் வெந்து நீறாகிவிடும். வெளியே வந்தபிறகு காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஊதும், ஒருநாள் மேலே இருக்கிற மண்ணைப் பிய்த்துக்கொண்டு வெடிக்கும். முதல் வருஷத்திலேயே படித்த பாடம். வெள்ளைத் துணுக்கை விரலால் எடுத்துப் போட்டேனே, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டாமா? தலைக்கனம். இருபது நாளில் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? மண்ணோடுதான் வந்திருக்க வேண்டும். மண்வண்டிக்காரர் நேற்று வந்தார். ஒன்பது வருஷமாக எனக்கு மண் கொண்டுவருகிறவர். அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். இடிந்த வீட்டுக் குப்பையைக் கலந்துவிட்டீர்கள், வயிற்றில் அடித்துவிட்டீர்கள் என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு பேச்சுதான். கையடித்துக் கொடுத்தவள் நான். மார்ச் கடைசிக்குள் வந்துவிடுகிறேன். சூளையை இடிக்க ஒரு வாரம் ஆகும்.

உங்கள்
மனைவி


பிப்ரவரி 28

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் இருபத்தைந்தாம் தேதி வந்தது. இரண்டு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

மனதை விட்டுவிடாதே. நடந்தது நடந்துவிட்டது. பத்து வருஷம் ஆசை தீரச் செய்தாய், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. இங்கே வந்து கொஞ்ச நாள் சும்மா இரு. சமையலறையில் ஒரு அலமாரி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் ஓரமாக உனக்கு நாற்காலி வாங்கிவிட்டேன். மார்ச் இருபத்தெட்டு சனிக்கிழமை, நானே வந்து கூட்டிவருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ தனியாகச் சாமான்களோடு திண்டாட வேண்டாம். சூளையை நீயே இடிக்காதே, இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஆள் வைத்துக்கொள்ளலாம்.

மண்வண்டிக்காரரை அதிகம் திட்டாதே. வயதானவர். அவர் மேல் தவறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்,
உன் ஆபீசர்


மார்ச் 6

அன்புள்ள ஆபீசருக்கு,

நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் வரவில்லை.

வாக்குத் தவறுகிறேன். தெரிந்தே, முழு நினைவோடு, பட்டப்பகலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என் பெண்டாட்டி கையடித்துக் கொடுத்துவிட்டு ஏமாற்றிவிட்டாள் என்று. நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு சூளையின் முன் நின்றேன். முதலில் வாய்ப்பக்கத்துச் செங்கலைத்தான் பெயர்க்க வேண்டும். கடப்பாரையை உள்ளே விட்டு நெம்பினேன், ஒரு கல் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் உங்கள் மேல் இல்லை, என் மேல். இருநூற்று நாற்பது தட்டு கிண்ணத்தைப் பணயம் வைத்தால் தப்பில்லை. என்னையே பணயம் வைக்க எனக்கு யார் சொன்னது? ஒரு சூடு கெட்டுப்போனால் நான் மண்ணைத் தொடக் கூடாது என்று எந்த ஊர் நியாயம்? ஆசாரி அடித்த நாற்காலி ஒன்று உடைந்தால் உளியைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்கிறோமா? நீங்கள் அனுமதி கொடுத்த ஓட்டலில் ஒருவனுக்கு வயிறு கெட்டுவிட்டது, மூன்று வருஷத்துக்கு முன்னால். ராஜினாமாவா செய்தீர்கள்? மறுநாள் காலையில் முன்னைவிட அதிகமாகக் குனிந்து பார்க்கப் போனீர்கள். நான்தான் டிபன் கட்டிக் கொடுத்தேன்.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. என் கவனக்குறைவாகவே இருக்கட்டும். நூற்றுக்கு நூறு என் தப்பாகவே இருக்கட்டும். அப்போதும் வரமாட்டேன். நல்ல தட்டு செய்தால்தான் நான் வனைகிறவள், கெட்ட தட்டு செய்தால் உங்களோடு வந்து ஜன்னல் ஓரம் உட்கார வேண்டியவள் என்ற ஏற்பாட்டில் நானும் சேர்ந்து கையடித்தேனே, அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பெயர்த்த செங்கல்லைச் சேறு குழைத்து அதே இடத்தில் வைத்து அடைத்துவிட்டேன். பிறகு குளித்துவிட்டு கடைக்காரம்மாவிடம் போனேன். "உங்க இருநூத்தி நாப்பதையும் திரும்பச் செஞ்சு தரேன். எட்டு மாசம் ஆகும். சுட்டதுக்கப்புறம் ஒரு மாசம் என் வீட்டு அலமாரியில உட்காந்திருக்கும். வெடிக்காம இருந்தாத்தான் உங்க வாசல் ஏறும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் வேணாம்னு சொன்னா?" என்றார். "வேணாம்னாலும் செய்வேன். வேற யாராவது சாப்பிடுவாங்க" என்றேன். சிரித்துவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். தெரியும். எனக்கும் இங்கே தனியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வரவில்லை.

அன்புடன்,
வாக்குத் தவறியவள்


மார்ச் 7

அன்புள்ளவளுக்கு,

இதை நான் பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதியே எழுதியிருக்க வேண்டும்.

சுண்ணாம்பு நான் போட்டது.

லீவில் வந்தேனே, நீ கடைக்காரம்மாவைப் பார்க்கப் போன அன்று. பின்பக்கத்தைக் கழுவி முடித்தபோது தொட்டியிலிருந்து அந்த நாற்றம். மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மேலே நுரை கட்டி, ஓரத்தில் பூஞ்சை படிந்திருந்தது. நாளெல்லாம் சாக்கடையும் குழியும் பார்க்கிறவன் நான். நாறுகிற குழியைக் கண்டால் என் கை என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும். கொட்டகைக்குப் பின்னால் வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பு அரை மூட்டை, ஈரத்தில் கட்டி தட்டிப்போய்க் கிடந்தது. கட்டியை உடைத்துத் தூவினேன். குச்சியை விட்டுக் கிண்டிவிட்டேன். மூடியை மூடினேன். பெண்டாட்டிக்கு ஒரு உபகாரம் செய்துவிட்டோம் என்று திருப்தியாக உட்கார்ந்து பேப்பர் படித்தேன். இது அறியாமல் செய்தது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நீ எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதத்தில் 'சுண்ணாம்பு' என்ற வார்த்தையைப் படித்தபோதே புரிந்துவிட்டது. ஆபீஸில் உட்கார்ந்துதான் படித்தேன். கடிதத்தை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ வந்துவிடுவாய். அதுதான் காரணம், சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷமாக இந்த வீட்டில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். நீ எதிரே உட்கார்ந்து என்னை வம்புக்கிழுக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக உன்னைத் தோற்றவளாகவே கூட்டிவந்துவிடலாம் என்று பத்து நாள் இருந்துவிட்டேன். நாற்காலி வாங்கப் போனேன்.

அந்த மண்வண்டிக்காரரைத் திட்டாதே என்று எழுதினேனே, அந்த வரிதான் என்னை விடவில்லை. நேற்று ஒரு அடுப்படியில் கெட்டுப்போன சாமானை ஒளித்துவைத்த ஆளைப் பிடித்தேன். எப்போதும் பத்து நிமிஷம் பிரசங்கம் செய்வேன். நேற்று நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பேச்சு செல்லாது. நீ தோற்கவே இல்லை. உன் வாக்கிலிருந்து உன்னை விடுவிக்கிறேன். வர வேண்டாம். சூளையை இடித்திருந்தால் நான் வந்து என் கையால் கட்டித் தருகிறேன், எப்படிக் கட்டுவது என்று சொன்னால் போதும்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன்
ஆபீசர்


மார்ச் 14

அன்புள்ள ஆபீசருக்கு,

இதற்குள் என் ஆறாம் தேதிக் கடிதம் வந்திருக்கும். அதன் தேதியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்னை வாக்கிலிருந்து விடுவிப்பதற்கு ஒருநாள் முன்னாலேயே நானே விடுபட்டுவிட்டேன். என் தப்பு இல்லை என்று தெரிந்ததால் நான் இங்கே இருக்கவில்லை. என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே இருப்பதாக முடிவு செய்தேன். இதை நீங்கள் ஒருபோதும் மாற்றிச் சொல்லக் கூடாது, விளையாட்டுக்குக் கூட.

உங்கள் கடிதம் வந்த அன்றே மண்வண்டிக்காரர் வீட்டைத் தேடிப்பிடித்துப் போனேன். ஒன்பது வருஷப் பழக்கம், அவர் வீடு எங்கே என்றே தெரியாது எனக்கு. வாசலில் நின்று சொன்னேன், தப்பு உங்க மேல இல்ல, எங்க வீட்டுக்குள்ளயே நடந்திருக்கு, மன்னிச்சுக்கங்க என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "நான் குடுத்தது நல்ல மண்ணுன்னு எனக்குத் தெரியும்மா. நீ என்ன சொன்னாலும் அது நல்ல மண்ணுதான். அதான் அன்னிக்கு வாயத் திறக்கல" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சூளை முன்னால் வராத அழுகை அவர் வீட்டு வாசலில் வந்தது. அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார். நாளை முதல் லோடு வருகிறது.

தொட்டியைக் காலி செய்துவிட்டேன். ஒன்பது வருஷத்து மண் முழுவதும், அடியில் இருந்த முதல் வருஷத்து மண் உட்பட. மூன்று நாள் அள்ளினேன். சுண்ணாம்பு கலந்ததை ஒரு கூடைகூட வைத்துக்கொள்ள முடியாது. கடைசிக் கூடையை அள்ளும்போது உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், சத்தமாக. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எழுதாமல் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட மன்னிப்புக்கு வருகிறேன். தூவியதற்கு மன்னித்துவிட்டேன். நாறுகிற குழியைக் கண்டால் உங்கள் கை சும்மா இருக்காது, மண்ணைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தும், அது ஏன் நாறுகிறது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லையே என்ற வருத்தம் இருக்கிறது. உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை, வாய் மட்டும் நீளம். அது போகட்டும்.

அந்தப் பத்து நாளை மன்னிக்கவில்லை. முயற்சி செய்து பார்த்தேன், முடியவில்லை. நான் இங்கே வெடிக்கிற தட்டுகளின் நடுவில் உட்கார்ந்து, என் கையே என்னை ஏமாற்றிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே நாற்காலி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களோடு பேச ஆளில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்து நெஞ்சு வலித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தோற்றுப்போனவளாக வந்து எதிரே உட்கார்ந்திருந்தால் நான் உங்களை வம்புக்கிழுத்திருக்க மாட்டேன், ஆபீசரே. வாயைத் திறக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்திருப்பேன். உங்களுக்கு வேண்டியவள் அந்த ரயிலில் வந்திருக்க மாட்டாள்.

மன்னிக்க எத்தனை நாள் ஆகும் என்று தெரியாது. புது மண் புளிக்கக் குறைந்தது ஆறு மாதம். அதற்கு முன்னால் ஆகுமா பின்னால் ஆகுமா என்று கேட்டு எழுத வேண்டாம்.

இனி நமக்குள் பந்தயம் கிடையாது. நான் நன்றாகச் செய்தாலும் கெட்டுப்போனாலும், கடைக்காரம்மா வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நான் வனைவேன். இது உங்கள் சம்மதம் கேட்டு எழுதுவது அல்ல, தகவல்.

மார்ச் இருபத்தெட்டுக்கு டிக்கெட் எடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை ரத்து செய்வதும் வருவதும் உங்கள் இஷ்டம். என்னைக் கூட்டிப்போக என்றால் வராதீர்கள். என்னைப் பார்க்க என்றால் வாருங்கள். அன்றைக்கு மண் மிதித்துக்கொண்டிருப்பேன், முழங்கால் வரை சேறாக இருக்கும், எழுந்து வந்து கதவைத் திறக்க மாட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளிக்கொண்டு வாருங்கள்.

உங்கள்
வாயாடி